இரா. வெங்கட்ராமன்

இராமசாமி வெங்கட்ராமன் (டிசம்பர் 4, 1910 – ஜனவரி 27, 2009) இந்தியாவின் எட்டாவது குடியரசுத் தலைவராக 1987 முதல் 1992 வரை பணியாற்றியவர். வழக்கறிஞர், தொழிற்சங்கவாதி, விடுதலைப் போராட்ட வீரர், அமைச்சர் எனப் பல துறைகளில் அறியப்பட்டவர். ஐக்கிய நாடுகள் நிர்வாகத் தீர்ப்பாயத்தில் 1955 முதல் 1979 வரை உறுப்பினராகவும், அக்காலத்தில் 1968 முதல் அதன் தலைவராகவும் இருந்தார். அவரது வாழ்வில் அதிகம் பேசப்படாத பகுதி இதுவாகும்.

இளமையும் கல்வியும்

வெங்கட்ராமன் தஞ்சாவூர் மாவட்டம் பட்டுக்கோட்டைக்கு அருகிலுள்ள இராஜாமடம் என்னும் ஊரில் பிறந்தார். சென்னை இலயோலா கல்லூரியில் பொருளியலில் முதுகலைப் பட்டமும், சென்னைச் சட்டக் கல்லூரியில் சட்டப் பட்டமும் பெற்றார். 1935 இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார். 1942 இல் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் ஈடுபட்டதால் இரண்டு ஆண்டுகள் சிறையில் இருந்தார். சப்பானியர் ஆட்சிக்குத் துணைபோனதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட இந்தியர்களுக்காக வாதாட, 1946 இல் இந்திய அரசு மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பிய வழக்கறிஞர் குழுவில் இவரும் இடம்பெற்றார்.

தொழிலாளர் சட்டப் பணி

துறைமுகம், தொடர்வண்டி, மலைத்தோட்டம், பத்திரிகை ஆகிய துறைகளின் தொழிலாளர் சங்கங்களில் வெங்கட்ராமன் பொறுப்பு வகித்தார். தொழிலாளர் வழக்குகளின் தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடும் லேபர் லா ஜர்னல் என்ற ஆங்கில இதழை 1949 இல் தொடங்கினார். 1952 இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் உலோகத் தொழில் குழுக் கூட்டத்தில் தொழிலாளர் பேராளராகக் கலந்துகொண்டார்.

1957 இல் மக்களவை உறுப்பினர் பதவியிலிருந்து விலகி, காமராசரின் அமைச்சரவையில் சேர்ந்தார். 1967 வரை தொழில், தொழிலாளர் நலம், மின்சாரம், போக்குவரத்து முதலிய துறைகளைக் கவனித்தார். தொழிற்சாலைகளை வரவேற்கும் பொறுப்பும் அவற்றில் வேலை செய்வோரின் குறைகளைக் கேட்கும் பொறுப்பும் ஒருவரிடமே இருந்தன. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் எனக் கடலோரமாக நீண்டு, பிற்காலத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகம் வரை வளர்ந்த வடசென்னைத் தொழிற்பகுதியும் அவருடைய துறைகளின் எல்லைக்குள் அடங்கியிருந்தது.

ஐக்கிய நாடுகள் நிர்வாகத் தீர்ப்பாயம்

அக்காலத்தில் சென்னைத் துறைமுகத் தொழிலாளி ஒருவர் வேலைநீக்கம் செய்யப்பட்டால், 1947 ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தின் வழியே அவரது சிக்கல் தொழில் தீர்ப்பாயத்துக்குச் செல்ல இயன்றது. ஐக்கிய நாடுகள் அமைப்பின் ஊழியருக்கு அவ்வழி இல்லை. அவ்வமைப்பு எந்த நாட்டின் நீதிமன்றத்துக்கும் உட்படாத சட்டக் காப்பு உடையது. எனவே தில்லியில் பணிபுரிபவராயினும் நியூயார்க்கில் பணிபுரிபவராயினும், பணி தொடர்பான வழக்கை அமைப்பின் உள்ளேயே நடத்த வேண்டும். இதற்காகவே 1949 நவம்பரில் பொதுச்சபை இத்தீர்ப்பாயத்தை நிறுவியது. ஏழு உறுப்பினர்களைக் கொண்டிருந்த இதில், ஒரு வழக்கை மூவர் விசாரித்தனர். வழக்கு முதலில் கூட்டு மேல்முறையீட்டு வாரியத்துக்குச் சென்றது. வாரியத்தின் பரிந்துரை பொதுச்செயலரைக் கட்டுப்படுத்தவில்லை. தீர்ப்பாயத்தின் தீர்ப்பு கட்டுப்படுத்தியது.

தான் அமைத்த தீர்ப்பாயத்துக்கு நிறுவனம் தானே கட்டுப்பட வேண்டுமா என்ற கேள்வி விரைவிலேயே எழுந்தது. அமெரிக்காவில் பொதுவுடைமை எதிர்ப்பு அலை வீசிய காலத்தில், செனட் குழு ஒன்றின் கேள்விகளுக்குப் பதிலளிக்க மறுத்த அமெரிக்க ஊழியர்கள் பணிநீக்கம் செய்யப்பட்டனர். அவர்களுள் 11 பேருக்கு இழப்பீடு வழங்கத் தீர்ப்பாயம் 1953 இல் ஆணையிட்டது. இத்தொகையைத் தர அமெரிக்கா எதிர்ப்புத் தெரிவித்தது. பொதுச்சபை பன்னாட்டு நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டது. இத்தீர்ப்புகளை நிறைவேற்ற மறுக்கும் உரிமை பொதுச்சபைக்கு இல்லை என்று அந்நீதிமன்றம் 1954 சூலை 13 அன்று கூறியது. எனினும் 1955 நவம்பரில், தீர்ப்புகளைக் குறித்துப் பன்னாட்டு நீதிமன்றத்தின் கருத்தைக் கோருவதற்கான மறுஆய்வுக் குழு ஒன்றைப் பொதுச்சபை ஏற்படுத்தியது. வெங்கட்ராமன் உறுப்பினரானதும் இதே ஆண்டில்தான்.

அவர் தலைவராக இருந்தபோது இம்மறுஆய்வு முறை முதன்முறையாகச் செயலுக்கு வந்தது. ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் முன்னாள் ஊழியர் ஒருவர், 1972 இல் வழங்கப்பட்ட தீர்ப்பு தம் கோரிக்கைகளை முழுமையாகக் கவனிக்கவில்லை என்று முறையிட்டார். தீர்ப்பாயம் தன் அதிகாரத்தைச் செலுத்தத் தவறவில்லை என்றும், நடைமுறையில் அடிப்படைப் பிழை நேரவில்லை என்றும் பன்னாட்டு நீதிமன்றம் 1973 சூலை 12 அன்று கருத்துரைத்தது.

தீர்ப்பாயத் தலைவராக ஆற்றிய பணிக்காக, ஐக்கிய நாடுகள் பொதுச்செயலர் அவருக்கு நினைவுப் பரிசு வழங்கினார்.

தீர்ப்பாயத்தின் குறைகள்

வழக்கில் வென்ற ஊழியர் மீண்டும் பணியைப் பெறுவது உறுதியன்று. மீண்டும் பணியில் அமர்த்துவதற்குப் பதிலாகப் பொதுச்செயலர் இழப்பீடு தரலாம்; அது பொதுவாக இரண்டு ஆண்டு நிகர அடிப்படைச் சம்பளத்தை மிஞ்சக் கூடாது என்ற வரம்பு 1953 டிசம்பரில் சேர்க்கப்பட்டது. தீர்ப்பாயம் முழுநேரமாக இயங்கவில்லை. உறுப்பினர் நீதிபதியாக இருந்திருக்க வேண்டும் என்று தொடக்க விதிகள் கூறவில்லை. வெங்கட்ராமனே பத்து ஆண்டுகள் மாநில அமைச்சராக இருந்துகொண்டு இப்பதவியை வகித்தார். ஒருவரின் சட்ட அறிவும் நேர்மையும் இத்தகைய அமைப்பைத் தாங்கலாம். அவை அமைப்பின் சுதந்திரத்துக்கு உறுதி ஆகா என்பது பின்னர் எழுந்த சீர்திருத்தக் கோரிக்கைகளின் சாரம்.

பிற்காலமும் சீர்திருத்தமும்

வெங்கட்ராமன் 1980 முதல் 1982 வரை நிதியமைச்சராகவும், 1982 முதல் 1984 வரை பாதுகாப்பு அமைச்சராகவும், பின் 1987 வரை குடியரசுத் துணைத் தலைவராகவும் இருந்தார்.

மறுஆய்வுக் குழு 1995 இல் நீக்கப்பட்டது. உள்ளக நீதிமுறை முழுவதையும் மாற்றியமைக்க வேண்டும் என்று 2006 இல் வல்லுநர் குழு ஒன்று பரிந்துரைத்தது. அதன்படி, முழுநேர நீதிபதிகளைக் கொண்ட பிணக்குத் தீர்ப்பாயமும், அதற்கு மேல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் 2009 சூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தன. முதல் தீர்ப்பாயத்தின் நீதிபதிக்குக் குறைந்தது 10 ஆண்டு நீதித்துறை அனுபவம் வேண்டும் என விதிக்கப்பட்டது. ஆயினும் ஒப்பந்த முறையில் அமர்த்தப்படுவோர் இத்தீர்ப்பாயங்களை அணுக இயலாது.

இப்புதிய விதிகளைப் பொதுச்சபை 2008 டிசம்பரில் ஏற்றது. அடுத்த மாதம், 2009 ஜனவரி 27 அன்று, வெங்கட்ராமன் புது தில்லியில் காலமானார். அவர் பதினோரு ஆண்டுகள் தலைமை வகித்த பழைய தீர்ப்பாயம் அவ்வாண்டின் இறுதி நாளில் கலைக்கப்பட்டது.