குரோமோசோம் எண்ணிய ஜானகி அம்மாள்

நம் பேராவில் ரப்பர் தோட்டங்கள் பெருகுமுன்னே, கிரியான் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களுக்குத்தான் நம்மவர் பலர் வந்து இறங்கினார்கள். அந்தக் கரும்பின் உயிரணுவுக்குள்ளே எட்டிப் பார்த்த ஓர் அம்மையாரின் வரலாற்றைக் கேளுங்கள்.

ஜானகி அம்மாள் 1897-இல் தலச்சேரியில் பிறந்தார். சகோதரிகள் கல்யாணமாகிப் போக, இவர் படிப்பே போதுமென்று நின்றுவிட்டார். சென்னையில் இராணி மேரிக் கல்லூரி, மாநிலக் கல்லூரி. பிறகு கப்பலேறி அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம். 1931-இல் அங்கே டாக்டர் பட்டம். அந்தக் காலத்தில் ஒரு பெண் தனியாக அவ்வளவு தூரம் போவதென்றால் சும்மாவா?

1934-இல் கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். இனிப்புக் கரும்பு நோய் தாங்காது. காட்டுக் கரும்பு தாங்கும், ஆனால் இனிப்பில்லை. இரண்டையும் கலந்தால் என்ன பிறக்கும், ஏன்? விடை குரோமோசோமில் இருந்தது.

இங்கே கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். நம் உயிரணு ஒன்றில் டி.என்.ஏ. என்ற இழை சுமார் 2 மீட்டர் நீளம். அது கிடக்கும் உட்கருவோ ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை! எப்படி அடங்குகிறது? ஹிஸ்டோன் என்னும் புரத மணிகளில் இழை ஏறக்குறைய இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்கிறது. மணிமாலை போன்ற இதற்குக் குரோமேட்டின் என்று பெயர். சாதாரண வேளையில் இது சிக்கல் நூலாகப் பரவிக் கிடக்கும், எண்ணவே முடியாது. உயிரணு இரண்டாகப் பிரியும் நேரத்தில் மட்டும் இறுகிச் சுருண்டு, குச்சி குச்சியாகத் தெரியும். அதுதான் குரோமோசோம். மனிதனுக்கு 46. நம் பால்மரத்துக்கு 36. இனிப்புக் கரும்புக்கோ 80!

வேர்நுனிக்குச் சாயமேற்றி, நசுக்கி, நுண்ணோக்கியில் சரியான உயிரணுவைத் தேடிப் பிடித்து எண்ணவேண்டும். கண் என்னத்துக்கு ஆகும்? ஜானகி அம்மாள் எண்ணினார். கரும்பைச் சோளத்தோடும், மக்காச்சோளத்தோடும், நாம் வெட்டி ஓயாத லாலாங் புல்லோடும்கூடக் கலந்து பார்த்தார்.

1940 முதல் இங்கிலாந்தில் ஜான் இன்ஸ் நிலையத்தில், குண்டு விழும் போர்க்காலத்திலும் வேலை நிற்கவில்லை. 1945-இல் டார்லிங்டனோடு சேர்ந்து, பயிர்ச் செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்துப் பெரிய புத்தகம் வெளியிட்டார். 1951-இல் நேரு அழைக்க, இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையைச் சீரமைக்கத் திரும்பினார். பத்மஸ்ரீ விருது 1977-இல்தான் வந்தது. ரொம்பத் தாமதம் என்பேன்.

மேலே சொன்ன மணிமாலை அமைப்பு விஞ்ஞானிகளுக்குப் புலப்பட்டது 1974 வாக்கில். அம்மையார் எண்ணியதெல்லாம் அதற்கு முன்னே, உள்ளே மணி இருப்பது தெரியாமலே. சென்னையை அடுத்த மதுரவாயல் ஆய்வுக்கூடத்தில் செடிகளோடு வாழ்ந்து, 1984 பிப்ரவரி 7-இல், 86-ஆம் வயதில் காலமானார்.