ஐம்பது ஆண்டுகள் தாமதித்து வந்த வெண்கலம்

1974 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், நோர்வேயின் தலைநகர் ஒஸ்லோவில் நடைபெற்ற ஒரு நிகழ்வில், 85 வயது நிரம்பிய முதியவர் ஒருவரிடம் வெண்கலப் பதக்கம் ஒன்று கையளிக்கப்பட்டது. அந்த முதியவரின் பெயர் அன்டர்ஸ் ஹௌகன். நோர்வேயில் பிறந்து, அமெரிக்காவில் குடியேறி, அமெரிக்காவின் சார்பில் போட்டியிட்ட பனிச்சறுக்கு வீரர் அவர். அந்தப் பதக்கம் சரியாக 50 ஆண்டுகளுக்கு முன்னரே அவருக்குக் கிடைத்திருக்க வேண்டியது.

பதக்கத்தைக் கையளித்தவர், அரை நூற்றாண்டுக்கு முன்னர் அதனைப் பெற்றிருந்த வீரரின் மகள் என்பதே அந்த நிகழ்வின் சிறப்பு.

விளையாட்டு உலகில் வெற்றியின் விளிம்பு வரை சென்று திரும்பியவர்கள் பலர் உண்டு. ஆனால் ஹௌகனின் கதை அவர்களுடைய கதைகளிலிருந்து வேறுபட்டது. அவர் மைதானத்தில் தோற்கவில்லை. கணக்கெழுதிய தாளில் தோற்றார்.

டெலிமார்க்கிலிருந்து அமெரிக்காவுக்கு

அன்டர்ஸ் ஹௌகன் 1888 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் தெற்கு நோர்வேயின் டெலிமார்க் பகுதியிலுள்ள பூ என்ற ஊரில் பிறந்தார். நவீன பனிச்சறுக்கு விளையாட்டின் தொட்டில் என்று கருதப்படும் பகுதி இது. அந்த விளையாட்டின் முன்னோடியாகப் போற்றப்படும் சொன்ட்ரெ நூர்ஹைமும் டெலிமார்க்கைச் சேர்ந்தவரே. அவரும் 1884 இல் அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்து, அங்கேயே காலமானார்.

இன்று செல்வந்த நாடாக அறியப்படும் நோர்வே, அன்று மக்களை வெளியே அனுப்பிக்கொண்டிருந்த நாடாக இருந்தது. 1825 ஆம் ஆண்டிலிருந்து ஒரு நூற்றாண்டு காலத்தில் சுமார் எட்டு லட்சம் நோர்வேயர்கள் வட அமெரிக்காவுக்குச் சென்றதாகக் கணக்கிடப்படுகிறது. விளைநிலம் மிகக் குறைவாகவும், அதனை நம்பியிருந்த குடும்பங்கள் மிக அதிகமாகவும் இருந்தமையே இதற்கு முக்கிய காரணம். இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் அந்த வழியே சென்றவர்களில் இளைஞர் அன்டர்ஸும் அவருடைய சகோதரர் லார்ஸும் அடங்குவர்.

பிழைப்புத் தேடிச் சென்ற சகோதரர்கள் தாயகத்தின் விளையாட்டையும் உடன் கொண்டு சென்றனர். விஸ்கான்சின் மாநிலத்தில் மில்வாக்கி நகரை அண்டிய பகுதியில், தாவலுக்கான சரிவு மேடை ஒன்றை அமைப்பதில் அவர்கள் பங்கெடுத்தனர். அமெரிக்கத் தேசியப் பனிச்சறுக்குத் தாவல் போட்டியில் இருவருமாக 11 முறை வெற்றி பெற்றனர். இவற்றில் நான்கு அன்டர்ஸுக்கு உரியவை, ஏழு லார்ஸுக்கு உரியவை. 1919 இல் கொலராடோ மாநிலத்தின் டில்லன் என்ற இடத்தில் அன்டர்ஸ் 213 அடி தூரம் தாவி உலக சாதனை படைத்தார். அடுத்த ஆண்டு அந்தச் சாதனையைத் தாமே முறியடித்தார்.

ஷமோனி, 1924

1924 ஆம் ஆண்டு ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் பிரான்சின் ஆல்ப்ஸ் மலையடிவாரத்திலுள்ள ஷமோனி நகரில், 16 நாடுகள் பங்கேற்ற குளிர்கால விளையாட்டு வாரம் ஒன்று நடைபெற்றது. முதலாவது குளிர்கால ஒலிம்பிக் போட்டி என்று பின்னர் அங்கீகரிக்கப்பட்டது இதுதான். அமெரிக்கப் பனிச்சறுக்கு அணியின் தலைவராக அங்கு சென்ற ஹௌகனுக்கு அப்போது வயது 35.

அந்தப் போட்டிகளில் பனிச்சறுக்கு என்றாலே நோர்வே என்ற நிலை இருந்தது. குறிப்பாக, தூர்லைஃப் ஹௌக் என்ற வீரர் 18 கிலோமீட்டர் ஓட்டம், 50 கிலோமீட்டர் ஓட்டம், ஓட்டமும் தாவலும் இணைந்த கூட்டுப் போட்டி ஆகிய மூன்றிலும் தங்கப் பதக்கம் வென்றார். ஒஸ்லோவின் புகழ்பெற்ற ஹொல்மன்கொலன் 50 கிலோமீட்டர் போட்டியில் மொத்தம் ஆறு முறை வெற்றி பெற்ற ஹௌக், நோர்வேயில் ஒரு தேசிய நாயகராகவே கருதப்பட்டார்.

பெப்ரவரி 4 ஆம் தேதி தாவல் போட்டி நடந்தது. செங்குத்தான சரிவில் வேகமாக இறங்கி, மேடை விளிம்பிலிருந்து காற்றில் பாய்ந்து, கீழேயுள்ள பனிச்சரிவில் தடுமாறாமல் தரையிறங்குவதே இந்தப் போட்டி. எவ்வளவு தூரம் என்பது மட்டும் இதில் வெற்றியைத் தீர்மானிப்பதில்லை. உடலை வைத்திருக்கும் நேர்த்திக்கும், தரையிறங்கும் விதத்துக்கும் நடுவர்கள் தனித்தனியே மதிப்பெண் வழங்குவார்கள். அன்று அவை தூரத்துக்கான மதிப்பெண்ணுடன் கூட்டப்பட்டு, சராசரி காணப்பட்டது. கையால் எழுதிக் கூட்டப்பட்ட காலம் அது.

அன்றைய போட்டியில் மிக நீண்ட தாவல் ஹௌகனுடையது. அவர் 50 மீட்டர் தாவினார். ஆனால் நேர்த்திக்கான மதிப்பெண்களில் அவர் பின்தங்கினார். தங்கமும் வெள்ளியும் நோர்வேயின் யாக்கொப் டுலின் தாம்ஸ், நார்வ பொன்னா ஆகியோருக்குச் சென்றன. மூன்றாமிடத்துக்கு, மூன்று தங்கங்களை ஏற்கனவே வென்றிருந்த ஹௌக் அறிவிக்கப்பட்டார். அவருடைய மதிப்பெண் 18.000. நான்காமிடம் பெற்ற ஹௌகனின் மதிப்பெண் 17.916. இருவருக்கும் இடையிலான வேறுபாடு ஒரு மதிப்பெண்ணில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை.

பதக்கமின்றி ஹௌகன் அமெரிக்கா திரும்பினார். அந்தச் சிறு வேறுபாடு, ஹௌக்கின் மதிப்பெண்களைக் கூட்டியதில் நேர்ந்த பிழையால் உருவானது என்பதை அன்று எவரும் கவனிக்கவில்லை. அடுத்த 50 ஆண்டுகளுக்கு ஒலிம்பிக் வரலாற்று நூல்களில் தவறான முடிவே அச்சாகி வந்தது.

தோற்றவரின் வாழ்வு

நான்காமிடம் என்பது ஒலிம்பிக்கில் எவரும் நினைவில் வைத்திருக்காத இடம். அதன் பின்னரும் ஹௌகன் விளையாட்டை விட்டு விலகவில்லை. 1926 இல் மீண்டும் அமெரிக்கத் தேசியப் போட்டியில் வெற்றி பெற்றார். 1928 இல் சுவிட்சர்லாந்தின் சென் மொரிட்ஸ் நகரில் நடந்த ஒலிம்பிக்கிலும், தமது 39 ஆவது வயதில், அமெரிக்காவுக்காகப் போட்டியிட்டார். பின்னர் கலிபோர்னியாவில் குடியேறி, இளையோருக்குப் பனிச்சறுக்கைக் கற்பிப்பதில் பல ஆண்டுகளைச் செலவிட்டார். 1963 இல் அமெரிக்கத் தேசியப் பனிச்சறுக்குச் சாதனையாளர் மண்டபத்தில் அவருடைய பெயர் சேர்க்கப்பட்டது. ஒலிம்பிக் பதக்கம் எதுவும் கையில் இல்லாமலேயே அவருக்குக் கிடைத்த கௌரவம் அது.

ஹௌக்கின் வாழ்வோ குறுகியதாக அமைந்தது. 1934 டிசம்பரில், 40 வயதில், நிமோனியா காய்ச்சலால் அவர் காலமானார். திராமன் நகரில் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது. நான்கு பதக்கங்கள் வென்ற வீரர் என்றே அவர் நினைவுகூரப்பட்டார்.

இந்த விவகாரத்தில் ஹௌக் மீது எந்தத் தவறும் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. மதிப்பெண்களைக் கூட்டியவர் அவரல்லர். அறிவிக்கப்பட்டதை அவர் ஏற்றுக்கொண்டார். வென்றவரும் குற்றமற்றவர், இழந்தவரும் குற்றமற்றவர் என்ற இந்த நிலைதான், பிழை வெளிப்பட்டபோது அதனைத் திருத்துவதை எளிதாக்கவும் செய்தது, கடினமாக்கவும் செய்தது. பழி சுமத்த எவரும் இல்லை. ஆனால் மறைந்துபோன ஒரு தேசிய நாயகரின் பெயரிலிருந்து ஒரு பதக்கத்தைக் கழிக்க வேண்டியிருந்தது.

பிழையைச் சொன்ன நோர்வேயர்கள்

1974 இல் ஷமோனி போட்டிகளின் 50 ஆவது ஆண்டு நினைவுகூரப்பட்டது. அந்தக் காலத்தில்தான், பழைய முடிவுகளை மீண்டும் பார்த்த தூரால்ஃப் ஸ்ட்ரெம்ஸ்டாட் கூட்டலில் பிழை இருப்பதைக் கண்டார். அவரும் சாதாரண பார்வையாளர் அல்லர். 1924 இல் நோர்வேயின் சார்பில் போட்டியிட்டு, 50 கிலோமீட்டர் ஓட்டத்திலும் கூட்டுப் போட்டியிலும் ஹௌக்குக்கு அடுத்ததாக வந்து இரண்டு வெள்ளிப் பதக்கங்கள் பெற்றவர். நோர்வேயின் பனிச்சறுக்கு வரலாற்றாசிரியர் யாக்கொப் வோக மதிப்பெண்களைச் சரிபார்த்து, பிழையை உறுதிப்படுத்தினார். சரியாகக் கூட்டினால் ஹௌக்கின் மதிப்பெண் ஹௌகனுடையதை விடக் குறைவாகவே இருந்தது. சர்வதேச ஒலிம்பிக் குழுவும் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது.

பிழையைக் கண்டுபிடித்தவரும், அதனை உறுதிப்படுத்தியவரும் நோர்வேயர்கள். அந்தத் திருத்தத்தால் பதக்கம் இழந்த நாடும் நோர்வேயே. முறைப்பாடு செய்ய அமெரிக்காவிலிருந்து எவரும் வந்து நிற்கவில்லை. பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காத ஒன்றை, தமது சொந்த அணிக்கு எதிராக, தமது பழைய தோழரின் புகழைக் குறைக்கும் என்று தெரிந்தும், ஸ்ட்ரெம்ஸ்டாட் வெளியே சொன்னார்.

அதன் பின்னர் ஹௌக்கின் மகள் ஆன்னா மரியா மக்னுஸன், தந்தையின் வெண்கலப் பதக்கத்தை ஒஸ்லோவில் ஹௌகனிடம் ஒப்படைத்தார். தந்தையை இழந்து 40 ஆண்டுகள் ஆகியிருந்த ஒரு மகளுக்கு அது வெறும் உலோகத் துண்டு அல்ல. ஐந்து தசாப்தங்களைக் கடந்து வந்த முதியவருக்கும் அது வெறும் உலோகத் துண்டு அல்ல. பிறந்த நாட்டை இளைஞராக விட்டுச் சென்றவர், அதே நாட்டின் தலைநகரில், அதே நாட்டு மக்களின் கையால் தமக்குரியதைப் பெற்றுக்கொண்டார்.

மிதிவண்டி வீரர்களோடு ஓர் ஒப்பீடு

வெற்றியைத் தவறவிட்டும் மக்கள் மனதில் இடம்பிடித்தவர்கள் என்றால், டூர் டி பிரான்ஸ் மிதிவண்டிப் போட்டியின் வீரர்கள் இருவர் முதலில் நினைவுக்கு வருவார்கள். ரேமோன் பூலிடோர் அந்தப் போட்டியில் மூன்று முறை இரண்டாமிடமும், ஐந்து முறை மூன்றாமிடமும் பெற்றார். 1964 இல் வெறும் 55 வினாடிகளால் முதலிடத்தை இழந்தார். 2019 இல் காலமாகும் வரை, வென்றவர்களை விட அதிகமாக நேசிக்கப்பட்டார். அவருக்கு முன்னோடியான யூஜின் கிறிஸ்டோஃப், 1913 இல் மலைப்பாதையில் மிதிவண்டியின் முன்கவை முறிந்தபோது, அதனைச் சுமந்து நடந்து, ஒரு கொல்லர் பட்டறையில் தாமே செப்பனிட்டார். துருத்தியை இயக்க ஒரு சிறுவன் உதவினான் என்பதற்காக அவருக்குத் தண்டனையும் விதிக்கப்பட்டது.

பூலிடோரின் 55 வினாடிகள் உண்மையானவை. கிறிஸ்டோஃபின் முறிந்த மிதிவண்டியும் உண்மையானது. அவற்றை எந்த ஆய்வும் மாற்ற முடியாது. ஹௌகனின் தோல்வி மட்டுமே, யாராவது ஒருவர் மீண்டும் கூட்டிப் பார்த்தால் மறைந்துவிடக் கூடியதாக, ஒரு பழைய தாளில் காத்திருந்தது.

ரொம்சோஸ் குன்றுகளிலிருந்து பார்க்கும்போது

ஹௌகன் பதக்கம் பெற்ற அதே 1974 இல்தான், ஒஸ்லோவின் வடகிழக்கே கிரூருட் பள்ளத்தாக்கின் மேல் எழுந்த ரொம்சோஸ் என்ற புதிய குடியிருப்புக்கு நகர ரயில் பாதை எட்டியது. மலைப்பாறையைக் குடைந்து அதன் நிலையம் அமைக்கப்பட்டது. குடியிருப்பின் எல்லையிலேயே லில்லமார்க்கா காடு தொடங்குகிறது. குளிர்காலத்தில் அங்கு பனிச்சறுக்குத் தடங்கள் உண்டு.

இலங்கையிலிருந்து நோர்வே வந்த தமிழர்களில் முன்னோடியான அன்ரனி ராஜேந்திரம் 1956 இல் அந்த நாட்டை அடைந்தார். எழுபதுகளில் மாணவர்களாகவும், எண்பதுகளில் போருக்குத் தப்பிய அகதிகளாகவும் மேலும் பலர் வந்தனர். வடக்கே மீன் பதனிடும் தொழிற்சாலைகளில் உழைத்த குடும்பங்களில் பல, காலப்போக்கில் ஒஸ்லோவுக்கு நகர்ந்து, ரொம்சோஸ் உள்ளிட்ட கிரூருட் பள்ளத்தாக்குக் குடியிருப்புகளில் குடியேறின. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் பனிச்சறுக்குப் பலகையில் நிற்கப் பழகும் நாட்டிலிருந்துதான், ஒரு காலத்தில் ஹௌகன் போன்றவர்கள் அதே பலகைகளோடு வெளியேறினார்கள்.

புலம்பெயர்ந்தவர் எந்த நாட்டுக்கு உரியவர் என்ற கேள்வி ஹௌகனின் வாழ்விலும் இருந்தது. அவர் அமெரிக்கக் கொடியின் கீழ் தாவினார். ஆனால் தாவக் கற்றது டெலிமார்க்கில். அவரிடமிருந்து பதக்கத்தைப் பறித்த பிழை நோர்வேக்குச் சாதகமாக அமைந்தது. அதனைத் திருத்தியவர்களும் நோர்வேயர்களே.

அன்டர்ஸ் ஹௌகன் 1984 ஏப்ரலில் கலிபோர்னியாவில், 95 வயதில் காலமானார். பதக்கத்தைத் தமதாக வைத்திருக்க அவருக்குக் கிடைத்தது பத்து ஆண்டுகளுக்கும் குறைவான காலமே. 2022 பீஜிங் குளிர்கால ஒலிம்பிக் முடியும் வரையிலும், பனிச்சறுக்குத் தாவலில் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற ஒரே அமெரிக்கராக அவரே விளங்கினார்.

தாமதமாக வந்த நீதி இழந்த ஆண்டுகளைத் திருப்பித் தரவில்லை. 35 வயது வீரர் வெற்றி மேடையில் நின்றிருக்க வேண்டிய தருணத்தை 85 வயது முதியவருக்கு எவராலும் கொடுக்க இயலாது. எனினும் பதிவேடு திருத்தப்பட்டது. பழைய தாள்கள் பாதுகாக்கப்பட்டிருந்தன, அவற்றை மீண்டும் படிக்க ஒருவர் முன்வந்தார், படித்ததைத் தம் தரப்புக்கு எதிராகவும் சொல்ல அவர் தயங்கவில்லை. இந்த மூன்றும் ஒருங்கே அமைந்ததாலேயே ஹௌகன் உயிரோடிருக்கும்போது தமக்குரியதைப் பெற முடிந்தது.