பண்ணையாள் தொழிலாளியான வரலாறு: பி. சீனிவாசராவ்

காவிரி பாயும் தஞ்சைத் தரணி சோற்றுக்குப் பெயர் பெற்றது. குறுவை, சம்பா, தாளடி என வயல்வேலைக்குக் குறைவில்லாத நாடு இது. ஆயினும் அவ்வேலையைச் செய்தவனுக்குத் தொழிலாளி என்னும் பெயர் நெடுங்காலம் கிட்டவில்லை. அவன் பண்ணையாள் எனப்பட்டான். பண்ணையாளைத் தொழிலாளியாக்கிய பெரும்பணியில் முன்னின்றவர் பி. சீனிவாசராவ் ஆவார். தொழிற்சங்கங்களால் நாட்டில் வேலைவாய்ப்பு வளருமா, தேயுமா என்னும் வினா பொருளியல் அரங்குகளில் எழுந்தவண்ணம் உள்ளது. அவ்வினாவை ஆராய்வோர் அறிந்திருக்க வேண்டிய வாழ்க்கை இவருடையது என்பது நம் கருத்து.

இளமையும் சிறையும்

சீனிவாசராவ் 1907ஆம் ஆண்டு பிறந்தவர். கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கல்லூரிப் படிப்பைத் துறந்து விடுதலைப் போரில் இறங்கினார். 1930களின் தொடக்கத்தில் சென்னையில் அந்நியத் துணிக்கடை மறியலில் ஈடுபட்டுக் காவலரின் தடியடிக்கு உள்ளானார், சிறையும் புகுந்தார். சிறைவாழ்வில் அமீர் ஐதர்கானின் தொடர்பு அவருக்குக் கிடைத்தது. இராவல்பிண்டிப் பகுதியில் பிறந்து, கப்பல் தொழிலாளியாக உலகைச் சுற்றி, பின்னர்ச் சென்னைக்கு வந்து தொழிலாளரிடையே பணியாற்றியவர் ஐதர்கான். அத்தொடர்பு சீனிவாசராவைப் பொதுவுடைமை இயக்கத்திற்கு அழைத்துச் சென்றது.

தஞ்சை மண்ணில்

1943இல் கட்சி அவரைத் தஞ்சை மாவட்டத்திற்கு அனுப்பியது. அன்றைய பண்ணையாளின் நிலையை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். விடியுமுன் வயலில் இறங்கி இருட்டிய பின் கரையேறுவான். கூலியாக நெல் பெறுவான். கல்யாணத்திற்கும் சாவிற்கும் வாங்கிய கடனால் மிராசுதாரிடம் கட்டுண்டு கிடப்பான். குற்றம் என்று காரியக்காரர் கருதினால் சாட்டையடியும், சாணத்தைக் கரைத்துக் குடிக்கச் செய்யும் சாணிப்பாலும் தண்டனைகளாயின. பண்ணையாட்களுள் மிகப் பலர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் ஆதலின் தீண்டாமைக் கொடுமையும் இதனோடு சேர்ந்தது.

வேளாண் தொழிலாளர்க்கும் சங்கம் அமைக்கும் உரிமை உண்டு என்னும் உடன்படிக்கையைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1921இலேயே நிறைவேற்றியது. இந்தியா அதனை 1923இல் ஏற்றது. எனினும் ஏட்டில் இருந்த அவ்வுரிமை மன்னார்குடி வட்டத்துச் சேரிக்கு வந்துசேர மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. 1943இல் தென்பரைச் சிற்றூரில் விவசாயிகள் சங்கம் தோன்றியது. சீனிவாசராவ் ஊர் ஊராக நடந்தார், சேரிகளில் தங்கினார், அம்மக்கள் உண்டதையே உண்டார். அவருடைய தமிழில் இலக்கணப் பிழைகள் இருந்தன. ஆயினும் அவர் சொன்னதைப் புரிந்துகொள்வதில் உழைப்பாளர்க்கு இடர்ப்பாடு இருக்கவில்லை. அடியைப் பொறுத்துக்கொள்வது கடமையன்று என்பதே அவர்தம் பேச்சின் சாரம். தமிழ் பயிற்றும் நாம் இதனைச் சற்றே பணிவுடன் நினைவில் கொள்ளுதல் நலம்.

1944ஆம் ஆண்டு மன்னார்குடி ஒப்பந்தத்தில் சாட்டையடியும் சாணிப்பாலும் ஒழிக்கப்பட வேண்டும் என்பது ஏற்கப்பட்டது. இவ்வெற்றிக்குப் பின் அடக்குமுறையும் வந்தது. களப்பால் குப்பு சிறையில் உயிர்நீத்தார். 1950 மே மாதத்தில் வாட்டாக்குடி இரணியனும் சாம்பவானோடை சிவராமனும் காவலர் துப்பாக்கிக்கு இரையாயினர். சீனிவாசராவ் தலைமறைவாக இருந்து பணி தொடர்ந்தார்.

சட்டமும் அதன் பின்விளைவும்

1952 ஆகஸ்டில் இராஜாஜி அரசு தஞ்சைச் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தது. ஓர் ஊரில் ஒரு வேலிக்கு, அதாவது 6⅔ ஏக்கருக்கு, மேல் நிலமுடையோரை அச்சட்டம் கட்டுப்படுத்தியது. சாகுபடியாளர்க்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு உறுதியாயிற்று. பண்ணையாளைக் காரணமின்றி நீக்குதல் தடுக்கப்பட்டது.

இங்கே நாம் நடுநிலையோடு ஓர் உண்மையைக் கூற வேண்டும். நிலையான ஆளை வைத்துக்கொண்டால் சட்டப் பொறுப்பு வரும் என அஞ்சிய நிலவுடைமையாளர் பலர், அன்றாடக் கூலிக்கு ஆள் அமர்த்தும் வழக்கத்திற்கு மாறினர். பண்ணையடிமை முறை தேய்ந்தது. அதனோடு ஆண்டு முழுமைக்குமான வேலையும் தேய்ந்தது. நடவுக்கும் அறுப்புக்கும் இடைப்பட்ட நாட்களில் கைகள் பலவாகவும் வேலை சிலவாகவும் ஆயின. சங்கத்தைக் குறைகூறுவோர் சுட்டுவது இதனையே.

ஆயின், பண்ணையாளுக்கு முன்னர் இருந்தது வேலைவாய்ப்பா என நாம் கேட்க வேண்டியுள்ளது. வேண்டாம் என்று விலக இயலாத வேலையை வாய்ப்பு என்பது பொருந்துமா? கூலி உயர்வு மட்டும் போதாது, உழுபவனுக்கு நிலமும் வேண்டும் என்பதில் சீனிவாசராவ் உறுதியாக இருந்தார். 1961ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டம் 30 தர ஏக்கர் என வரம்பு வகுத்தது. அதன் குறைகளை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியில் உழைத்த அவர் அவ்வாண்டு செப்டம்பரிலேயே மறைந்தார். அவர் நினைவிடம் திருத்துறைப்பூண்டியில் உள்ளது. பின்னர் 1970இல் அவ்வரம்பு 15 தர ஏக்கராகக் குறைக்கப்பட்டது.

அவர் மறைந்த பின்னும் பூசல் ஓயவில்லை. கூலி உயர்வும், வெளியூர் ஆட்களை அறுப்புக்குக் கொணர்தலும் பெரும் சிக்கலாகி, 1968 டிசம்பர் 25ஆம் நாள் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் தீக்கிரையாயின. அதன் பின்னரே 1969இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது.

நாம் பெறும் பாடம்

இன்று டெல்டாவில் அறுவடை இயந்திரம் ஓடுகிறது. நடவுக்கு வடமாநிலத் தொழிலாளர் வருகின்றனர். அவர்கள் மொழி நமக்குப் புரிவதில்லை. உள்ளூர்த் தொழிலாளர்க்கோ தம் வேலை பறிபோகிறது என்னும் மனக்குறை உள்ளது. இவ்விரு சாராரையும் ஒரே சங்கத்தில் அமர்த்த வல்லார் யார்? வேற்றுமொழிக்காரர் ஒருவர் பிழைபட்ட தமிழில் பேசித்தான் நம் மண்ணின் உழைப்பாளரை ஒன்றுசேர்த்தார் என்பதை இவ்விடத்தில் மறவாதிருப்போம்.

அந்நாளைய பண்ணையாட்களின் பெயரர்களும் பெயர்த்திகளும் இன்று கல்லூரி வகுப்பறைகளில் அமர்ந்து பட்டம் பெறுகின்றனர். எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று கணக்கெடுக்கும் நாடு, அவ்வேலை எத்தகையது என்றும் கணக்கெடுக்கட்டும். மாணவச் செல்வங்கள் நாளை முதலாளியாயினும் தொழிலாளியாயினும் இவ்விரு கணக்கையும் சேர்த்தே பார்ப்பார்களாக.