மணலில் 'அ, ஆ' எழுதிய ஜெர்மன் பாதிரியார்: தரங்கம்பாடி கோட்டையில் 4 மாத சிறை

ஜெர்மனியில் பிறந்த பாதிரியார் சீகன்பால்குவை டென்மார்க் ராஜா 4-ம் பிரடெரிக் அனுப்பி வைத்தார். 1706-ம் ஆண்டு ஜூலை 9-ந்தேதி கப்பல் தரங்கம்பாடி வந்தது. அவருக்கு வயசு 24-ஐ தொட்டிருந்தது. ஊர் அப்போது டேனிஷ்காரர்கள் கையில். ராஜாவே அனுப்பியும் கோட்டை அதிகாரிகள் அவரை மதிக்கவில்லை.

தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. சாமியை பத்தி யாரிடம், எப்படி பேசுவது? வயதான வாத்தியார் ஒருவரை பிடித்தார். சின்ன பசங்களோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதி பழகினார்.

அப்புறம் தினமும் இதே வேலைதான். காலையில் ஜெபம். உடனே படித்த வார்த்தைகளை திரும்ப ஒப்பிப்பார். மதியம் வரை ஓலைச்சுவடி. புரியாததை பக்கத்தில் இருக்கும் புலவர் விளக்குவார். ராத்திரி விளக்கில் படித்தால் கண் கெட்டுவிடுமே என்று ஒருவரை வாசிக்க சொல்லி கேட்பார். தமிழர்களை நாகரிகம் தெரியாதவர்கள் என்று நினைத்து வந்தவர் அவர். சுவடி படிக்க படிக்க அந்த நினைப்பு போச்சு.

1708-ல் வந்தது சோதனை. ஏழை விதவையின் கடன் வழக்கில் தலையிட்டார் என்று டேனிஷ் கவர்னர் ஹாசியஸ் அவரை பிடித்து அடைத்தார். 4 மாதம் சிறை. வெளியே வந்தவர் சொந்த ஊருக்கு மூட்டை கட்டவில்லை. பாதியில் நின்ற புதிய ஏற்பாடு தமிழ் மொழிபெயர்ப்பை 1711-ல் முடித்தார். 1715-ல் அது தரங்கம்பாடியிலேயே அச்சாகி வந்தது.

1719 பிப்ரவரி 23-ந்தேதி, 36 வயதில் இறந்தார். முந்தைய வருஷம்தான் புதிய எருசலேம் ஆலயத்தை கட்டி முடித்திருந்தார். அங்கேயே அடக்கம் செய்தார்கள்.