ஆட்சிப் பணியும் ஆய்வுப் பணியும்: ரமேச சந்திர தத்தர்

உணவு, மருந்து, சாத்திரம், அபயம் எனத் தானங்கள் நான்கு என்பது சமண அறம். பசித்தவனுக்கு அப்பொழுதே வேண்டுவது உணவு. அப்பசி எதனால் வந்தது என ஆராய்ந்து உலகிற்கு உரைப்பது அறிவுக்கொடை. இவ்விரண்டையும் தம் வாழ்நாளில் ஆற்றியவர் வங்காளத்து ரமேச சந்திர தத்தர்.

1848-இல் கல்கத்தாவில் பிறந்த தத்தர், பத்தொன்பது வயதில் இங்கிலாந்து சென்று, 1869-இல் இந்தியக் குடிமைப் பணித் தேர்வில் மூன்றாம் இடம் பெற்றார். 1871-இல் தாயகம் திரும்பிப் பணியேற்றார். 1874-இல் நதியா மாவட்டத்து மெகர்பூரில் பஞ்ச நிவாரணமும், 1876-இல் புயலும் பேரலையும் அழித்த தட்சிண ஷாபாஸ்பூர்த் தீவில் மீட்புப் பணியும் அவர் பொறுப்பாயின. வங்காள உழவர் நிலை பற்றி 1874-லேயே நூல் எழுதினார். பின்னர்க் கோட்ட ஆணையராக உயர்ந்தார். அப்பதவியை எய்திய முதல் இந்தியர் அவரே.

எனினும் 1897-இல், நாற்பத்தொன்பதாம் வயதில், மேலும் பல ஆண்டுகள் பணியாற்ற வாய்ப்பிருந்தும் விலகினார். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் இந்திய வரலாற்று விரிவுரையாளராகி, அரசின் அறிக்கைகளையும் நாடாளுமன்ற ஆவணங்களையும் துருவி ஆராய்ந்தார். தாம் பணியாற்றிய அரசின் கணக்குகளைக் கொண்டே அவ்வரசைக் கேள்வி கேட்டார்.

1900-இல் ஆளுநர் தலைவர் கர்சனுக்குப் பகிரங்கக் கடிதங்கள் எழுதினார். அவற்றுள் ஒன்று சென்னை மாகாணத்து நிலவரியைப் பற்றியது. மழை பொய்ப்பதால் விளைச்சல் குன்றலாம்; ஆனால் நல்ல ஆண்டுகளிலும் மிகுதியான வரி உழவனின் சேமிப்பைக் கரைத்துவிடுவதாலேயே பஞ்சம் உயிர்களைப் பறிக்கிறது என்பது அவர் முடிவு. வரிக்கு உறுதியான வரம்பும், பாசனத்திற்கு முதன்மையும் வேண்டினார். அரசு 1902-இல் அதிகாரபூர்வமாக மறுப்புரை வெளியிட்டது. தத்தர் தளரவில்லை, இந்தியப் பொருளாதார வரலாற்றை இரு தொகுதிகளாக எழுதி முடித்தார்.

ஆய்ந்து கூறியதைச் செய்து காட்டும் வாய்ப்பு பரோடாவில் வந்தது. 1904 முதல் அங்கு வருவாய் அமைச்சராக இருந்து வரிச் சீர்திருத்தங்களை மேற்கொண்டார். ஆட்சி அதிகாரத்தைப் பரவலாக்குவது குறித்து ஆராய்ந்த அரச ஆணைக்குழுவிலும் உறுப்பினராக அமர்ந்தார். 1909 நவம்பர் 30-இல், பரோடாவின் திவானாக இருந்தபொழுதே மறைந்தார்.

பஞ்ச காலத்தில் அவர் வழங்கிய உணவு அன்றைய பசியைத் தணித்தது. அவர் விட்டுச் சென்ற நூல்களோ ஒரு நூற்றாண்டு கடந்தும், உழவன் வயிறு ஏன் காய்ந்தது என்பதை நாட்டிற்கு உணர்த்தி நிற்கின்றன. பதவியை விடுத்தும் தொண்டை விடாத அவர் வாழ்வு, ஓய்வு பெறும் ஒவ்வொருவருக்கும் நல்வழி காட்டுவதாகும்.