உடம்பில் தெரியும் மனநோய்: வழி காட்டிய வங்காள டாக்டர்

இராமநாதபுரத்துக்கு அருகே உள்ள கடற்கரை ஊர் தேவிபட்டினம். இங்கே கடலுக்குள் ஒன்பது கற்கள் நிற்கின்றன. அவற்றுக்கு நவபாஷாணம் என்று பெயர். இராமபிரான் நவக்கிரகங்களை வைத்து வழிபட்ட இடம் இது என்பது ஐதீகம். கிரக தோஷம் நீங்க மக்கள் கடலில் முழுகி, கற்களைச் சுற்றி வருகிறார்கள்.

தீராத நோய்க்கும் கிரகத்தையே காரணம் சொல்வது நம்மில் பலரது வழக்கம். சிலருக்குத் திடீரென்று கை முடங்கிவிடும். சிலருக்குப் பேச்சு நின்றுவிடும். சிலருக்கு வலிப்பு வரும். டாக்டர் சோதித்தால் நரம்பில் பழுது இருக்காது. உடனே ஒருவர் பேய் என்பார். இன்னொருவர் நடிப்பு என்பார்.

இரண்டும் தவறு. மனதின் துயரம் உடம்பில் நோயாக வெளிப்படலாம். நோயாளி நடிக்கவில்லை. அவர் கை உண்மையாகவே எழாது. இத்தகைய நோய்களுக்கு மனதின் வழியாக வைத்தியம் செய்யும் முறையை இந்தியாவில் வேரூன்றச் செய்தவர் கிரீந்திரசேகர் போஸ்.

திவான் வீட்டுப் பிள்ளை

போஸ் 1887-ம் ஆண்டு பிறந்தார். தந்தை சந்திரசேகர் போஸ், பீகாரில் தர்பங்கா மகாராஜாவின் திவான். கிரீந்திரசேகர் வீட்டின் கடைக்குட்டி.

இளமையிலேயே அவருக்கு மனோவசியத்தில் ஆர்வம். சொல்லாலேயே ஒருவர் உடம்பில் மாறுதல் உண்டாக்கலாம் என்று கண்டார். 1910-ல் கல்கத்தாவில் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகும் படிப்பை விடவில்லை. கல்கத்தா சர்வகலாசாலையில் மனோதத்துவம் படித்து 1917-ல் தேறினார். 1921-ல் அதே துறையில் உயர்ந்த ஆராய்ச்சிப் பட்டமும் பெற்றார்.

இரண்டு ஆசைகள்

அப்போது ஐரோப்பாவில் வியன்னா நகரத்து டாக்டர் பிராய்டு புகழ் பெற்றிருந்தார். வெளியே சொல்ல முடியாமல் அடக்கிய எண்ணங்கள் உடம்பு நோயாக வரும் என்பது அவர் கொள்கை. 1914 முதல் 1918 வரை நடந்த உலகப் போரும் கண்ணைத் திறந்தது. காயம் இல்லாத சிப்பாய்கள் பலர் ஊமையானார்கள். பலருக்குக் கைகால் நடுங்கியது.

போஸ் பிராய்டுக்குத் தம் நூலை அனுப்பினார். இருவரும் கடிதத்தில் நண்பர்கள் ஆனார்கள். கடைசி வரை நேரில் சந்திக்கவில்லை. பிராய்டின் 75-வது பிறந்த நாளுக்கு, 1931-ல், தந்தத்தில் செய்த விஷ்ணு சிலை ஒன்று கல்கத்தாவிலிருந்து போயிற்று. பிராய்டு அதைத் தம் மேஜை மேல் வைத்துக்கொண்டார்.

ஆனால் போஸ் கண்ணை மூடிக்கொண்டு பிராய்டைப் பின்பற்றவில்லை. ஒவ்வோர் ஆசைக்கும் எதிரான ஆசையும் மனதில் மறைந்திருக்கிறது என்றார். இரண்டும் மோதும்போது மனிதன் தவிக்கிறான். மறைந்ததை அவன் உணரும்படி செய்தால் தவிப்பு குறையும் என்பது அவர் முறை.

மூன்று படுக்கைகள்

1922-ல் தம் வீட்டிலேயே இந்திய மன அலசல் சங்கத்தைத் தொடங்கினார். 1933-ல் கல்கத்தா கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநோய்க்கு வெளிநோயாளிப் பிரிவு ஏற்பட அவரே காரணம். காய்ச்சலுக்கு மருந்து வாங்க வருகிற ஆஸ்பத்திரிக்கே மனநோயாளியும் வரலாம் என்ற நிலை வந்தது. 1940-ல் லும்பினி பார்க் ஆஸ்பத்திரி மூன்றே படுக்கைகளுடன் தொடங்கியது. அண்ணன் ராஜசேகர் போஸ் இடம் தந்து உதவினார். 1953-ல் கிரீந்திரசேகர் காலமானார்.

இன்றைய டாக்டர்கள் எல்லா நோயாளிக்கும் அடக்கிய ஆசையே காரணம் என்று சொல்வதில்லை. அதிர்ச்சி, ஓயாத கவலை, மூளை உறுப்புகளுக்கு அனுப்பும் கட்டளையில் வரும் குழப்பம் என்று பல காரணங்கள் காண்கிறார்கள். பேச்சு வைத்தியமும் உடற்பயிற்சியும் பலருக்குக் குணம் தருகின்றன.

சங்கிலி வேண்டாம்

தேவிபட்டினம் இருக்கும் அதே மாவட்டத்தில்தான் ஏர்வாடியும் இருக்கிறது. 2001 ஆகஸ்டு 6-ந் தேதி அங்கே ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

கோவிலுக்குப் போங்கள், மன அமைதி கிடைக்கும். டாக்டரிடமும் போங்கள். கை விழுந்தால், பேச்சு நின்றால், முதலில் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அது மூளை நோயாகவும் இருக்கலாம். அதை டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். மனமே காரணம் என்று தெரிந்தால் நோயாளியைக் கேலி செய்யாதீர்கள், அடிக்காதீர்கள். அருகில் உட்கார்ந்து அவர் பேசுவதைக் கேளுங்கள். கிரீந்திரசேகர் போஸ் தம் நோயாளிகளுக்குச் செய்த வைத்தியத்தில் பெரும் பகுதி அதுதான்.