கெலாட் மருத்துவரும் முத்துச்சிப்பியும்

கற்பிட்டியும் உடப்பும் சிலாபமும் அணிசெய்யும் எம் கடற்கரையில் முத்தின் கதை கேளாதார் இலர். முத்துச்சலாபம் என்னும் வழக்கிலிருந்தே சிலாபம் என்ற ஊர்ப்பெயர் பிறந்தது என்பாரும் உளர். மழைத்துளி சிப்பியின் வாயில் வீழ்ந்து முத்தாகும் என்பது முன்னோர் கொள்கை. தமிழாசிரியராகிய யாமும் அதனைச் செய்யுள் நயங்கருதியே கற்பிக்கின்றோம். உயிர்நூல் ஆசிரியர் எம்மை மன்னிப்பாராக! முத்தின் பிறப்பைச் சிப்பியின் உடலுக்குள்ளேயே தேடியவர் ஒருவர் இத்தீவிற் பிறந்தவர் என்பதைப் பலர் அறியார்.

எட்வேட் பிரெடெரிக் கெலாட் 1819ஆம் ஆண்டிற் கொழும்பிற் பிறந்தார். எடின்பரோவில் மருத்துவம் பயின்று, படை மருத்துவராகப் பணிபுரிந்தார். இலங்கையின் விலங்கினங்களைத் தொகுத்து 1852இல் ஒரு நூலும் வெளியிட்டார். தினைக்குருவி இனத்துச் சிறு பறவையொன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

1838 முதல் 1854 வரை முத்துக்குளிப்பே நடைபெறவில்லை. பார்களிற் சிப்பி அருகியமையால் அரசிறை குன்றிற்று. குளிகாரரும் வணிகரும் நலிந்தனர். பின்னர்க் குளிப்பு மீண்டதாயினும் சிப்பி மறையுங் காரணம் விளங்கவில்லை. அதனை ஆராயும் பணி கெலாட்டிடம் வந்தது. ஒருமுறை பாறையிற் பற்றிய சிப்பி பின்னர் இடம்பெயராது என்பதே அக்காலத்தார் துணிபு. கெலாட் திருக்கோணமலையிற் சிப்பிகளை நீர்த்தொட்டியில் வளர்த்து, அல்லும் பகலும் நோக்கினார். அவை தம் பற்றிழையைத் தாமே விடுத்து நகர்ந்து, வேறிடத்திற் புதிய இழை விட்டுப் பற்றக் கண்டார். சிப்பியின் உடலில் வாழும் புழுக்களுக்கும் முத்தின் பிறப்புக்கும் தொடர்புண்டு என்றும் எழுதினார். 1860இல் இங்கிலாந்து நோக்கிய கடற்பயணத்தில், நாற்பத்தொரு வயது நிரம்பு முன்னரே அவர் உயிர் நீத்தார்.

1902இல் லிவர்ப்பூலிலிருந்து வந்த பேராசிரியர் ஹேட்மன், ஹோணல் என்பாருடன் பார்களை ஆராய்ந்து, நாடாப்புழுவின் இளம்பருவமே நன்முத்துக்குக் கருவாகும் என்றார். 1903 முதல் 1906 வரை ஐந்து பெருந்தொகுதிகளாக அவ்வாராய்ச்சி வெளிவந்தது. கெலாட்டின் ஊகம் நிலைநாட்டப்பட்டதென்றே பலரும் கொண்டனர். 1906இல் ஒரு கம்பெனி பார்களை இருபதாண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பின் சிப்பி மீண்டும் மறைய, அது பெருநட்டமுற்றது.

1912இல் ஜேம்சன் என்பார் அக்கொள்கையை மறுத்தார். அவர் வெறுஞ்சொல்லால் மறுத்தாரல்லர். இலங்கை முத்துக்களையே எடுத்து உள்ளமைப்பைக் காட்டினார். நடுவில் இருந்தது புழுவன்று, பெரும்பாலும் சிப்பியே சுரந்த மாறுபட்ட ஓட்டுப்பொருள் என்றார். கம்பெனியின் ஆய்வாளராயிருந்த சவுத்வெல் புழுக்கொள்கையின் பக்கமே நின்றார். தாம் ஆண்டுக்கணக்காகக் கண்ணாற் கண்ட புழுக்களை ஒருவர் எளிதிற் கைவிடுவாரோ? அவரைக் குறைகூற எமக்கு மனம் வரவில்லை. சிப்பியிற் புழு இருந்தது மெய். முத்தை ஆக்கியது அதுவே என்பதுதான் ஐயத்துக்கு உரியதாயிற்று.

சிப்பியின் போர்வைத் தோலிலுள்ள உயிரணுக்கள் உள்ளே புகுந்து பையாகி, அப்பையே முத்தைச் சுரக்கின்றது என்பது இன்றைய முடிபு. யப்பானியர் செயற்கையாக முத்து விளைவிப்பதும் இம்முறை கொண்டே. கெலாட்டின் புழு இவ்வாறு பின்னடைந்தது. பற்றிழை விடுத்து நகரும் சிப்பியைப் பற்றி அவர் எழுதியதோ இன்றளவும் மறுக்கப்படவில்லை.